பத்து விநாடியில் போய்விட்ட நீலத் திரை

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, நடுவழியில் சிக்கிக்கொண்டால் யாரைக் கேட்பது? முகம் தெரியாதவர்கள் நடுராத்திரியிலும் பதில் சொல்லும் அரட்டை அறைகளின் கதை.

இரவு 11.40. குடியாத்தத்தில் அக்கா வீட்டு மாடி அறை. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அக்கா மகளின் மடியில் லேப்டாப். ஒரு பக்கக் கீல் விட்டுப்போய், மூடியைச் சுவரில் சாய்த்து வைத்தால்தான் நிற்கும். அவள் அண்ணன் கல்லூரியில் படித்தபோது வாங்கியது. இப்போது இவள் இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இன்னொரு லேப்டாப் வாங்கும் நிலையில் வீடு இல்லை.

“சித்தி, வைஃபையே காணோம்.”

அன்று மாலைதான் இருவரும் சேர்ந்து பென் டிரைவில் சுபுண்டு ஏற்றி, விண்டோஸை அழித்துவிட்டு நிறுவியிருந்தோம். உபுண்டு என்ற லினக்ஸ் குடும்பத்தில் பழைய கணினிகளுக்கு ஏற்ற எளிய வகை அது. முன்பு நான்கு நிமிடம் எடுத்துத் திறந்த கணினி, ஒரு நிமிடத்துக்குள் திறந்தது. ஆனால் வைஃபை குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. போனைக் கேபிளில் இணைத்து, அதன் டேட்டாவைக் கணினிக்குக் கொடுத்து, லிபரா சாட் என்ற வலையமைப்பில் இருக்கும் உபுண்டு அறைக்குள் நுழைந்தாள்.

முதலில் தட்டச்சு செய்தது: “ஹெல்ப் மீ ப்ளீஸ், வைஃபை வேலை செய்யவில்லை.” ஐந்து நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. கைக்குக் கிடைத்த விவரம் எல்லாவற்றையும், ஏறத்தாழ நாற்பது வரி, அப்படியே அள்ளி ஒட்டினாள். அடுத்த நொடி அறையை விட்டு வெளியே இருந்தாள்.

“துரத்திட்டாங்க சித்தி.” அவள் முகம் சுண்டிப்போனது.

யாரும் துரத்தவில்லை. ஒரே மூச்சில் அத்தனை வரி வந்தால் சர்வரே இணைப்பைத் துண்டித்துவிடும். ஆனால் முதல்முறை வருகிற பிள்ளைக்கு அது கன்னத்தில் அறைந்தது மாதிரிதான் இருக்கும். அரை மனதோடு மறுபடி நுழைந்தாள். இந்தமுறை ஒரு பறவையின் பெயரைப் புனைபெயராக வைத்திருந்த ஒருவர் கேட்டார்: “என்ன லேப்டாப்? எந்தப் பதிப்பு நிறுவினாய்? டெர்மினலில் இந்த ஒரு வரியை அடி. வருவதை இங்கே ஒட்டாதே. பேஸ்ட்பின்னில் போட்டு இணைப்பை மட்டும் கொடு.”

அந்த ஒரு வரி, கணினிக்குள் இருக்கும் சிப்புகளையும் ஒவ்வொன்றையும் எந்த டிரைவர் இயக்குகிறது என்பதையும் பட்டியல் போடும் கட்டளை. வைஃபை சிப் பட்டியலில் இருந்தது. அதை இயக்கும் டிரைவர் எது என்று சொல்ல வேண்டிய வரி மட்டும் இல்லை. சிப்பைத் தயாரித்த நிறுவனம் டிரைவரின் மூலநிரலை வெளியிடாததால் அது தனியாக நிறுவ வேண்டிய ஒன்று என்று விளக்கினார். நிறுவினாள். நடுவில் ஒரு கடவுச்சொல் கேட்டது, கொடுத்தாள். ரீஸ்டார்ட் அழுத்திவிட்டு இருவரும் கீழே பால் காய்ச்சப் போனோம். திரும்பி வந்தபோது வழக்கமான திரை. வைஃபை இல்லை.

அவர் சலித்துக்கொள்ளவில்லை. டிரைவரைக் கையால் ஏற்றும் கட்டளையைக் கொடுத்தார். சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி வந்தது. அதைப் பார்த்ததும் ஒரே கேள்வி:

“ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை ஒன்று வந்ததா?”

“தெரியாது. நாங்கள் அறையில் இல்லை.”

“நிறுவும்போது கொடுத்த கடவுச்சொல்லை அங்கேதான் மறுபடி கொடுக்க வேண்டும். அது பத்து விநாடிதான் நிற்கும். யாரும் விசையைத் தொடாவிட்டால் போய்விடும். மறுபடி செய்வோம். இந்தமுறை இடத்தை விட்டு எழுந்திருக்காதே.”

இரவு 1.15-க்கு வைஃபை குறி தெரிந்தது. “நான் வேலைக்குக் கிளம்ப வேண்டும்” என்று எழுதிவிட்டு அவர் போய்விட்டார். அவர் ஊரில் அப்போது காலை.

ஏன் இப்போது இத்தனை பேர் லினக்ஸுக்கு வருகிறார்கள்?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அதன்பிறகு வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. கூடுதல் காலத்துக்குத் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப் வேண்டும்; இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்புகள் அந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன. நம் ஊரில் அண்ணனிடமிருந்து தம்பிக்கும், அலுவலகத்திலிருந்து செகண்ட் ஹேண்ட் கடைக்கும் கைமாறி ஓடுகிற கணினிகளில் இந்த ரகம்தான் அதிகம் கண்ணில் படுகிறது. லினக்ஸ் அவற்றுக்கு இன்னும் சில வருட ஆயுள் தரும். சில நூறு ரூபாய் பென் டிரைவ் ஒன்று போதும்.

ஆனால் பென் டிரைவோடு வாடிக்கையாளர் சேவை எண் வராது. கணினிப் பழுது கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், “விண்டோஸே போட்டுக்கோங்க” என்பதுதான் பெரும்பாலும் பதில். மிச்சமிருப்பது இந்த அறைகள்தாம்.

பெட்டிச் செய்தி: அறைகள் வந்த வழி

1988 ஆகஸ்ட்: பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினென் ஐஆர்சி என்ற அரட்டை முறையை உருவாக்கினார். வெறும் எழுத்து. படம் இல்லை, விளம்பரம் இல்லை. இன்றும் அப்படியே ஓடுகிறது.

1991 ஆகஸ்ட் 25: அதே நாட்டில், ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் எழுதிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தில் என்னென்ன இருந்தால் நல்லது என்று இணையக் குழு ஒன்றில் கேட்டார். அப்போது அவருக்கு வயது 21. லினக்ஸ் பொதுவெளிக்கு வந்ததே கருத்துக் கேட்கும் ஒரு மடலோடுதான்.

2004 அக்டோபர்: உபுண்டுவின் முதல் வெளியீடு. அதன் ஐஆர்சி அறைகளின் உரையாடல் பதிவுகள் அந்த ஆண்டு முதலே எவரும் படிக்கும்படி இணையத்தில் இருக்கின்றன.

2021 மே 19: ஃப்ரீநோட் என்ற ஐஆர்சி வலையமைப்பின் தன்னார்வப் பணியாளர்கள் விலகி லிபரா சாட்டைத் தொடங்கினார்கள்.

கேட்பதும் ஒரு வேலை

அந்த ராத்திரி நான் கவனித்தது இது. பறவைப் பெயர்க்காரர் ஒன்றரை மணி நேரத்தில் சொன்ன விடைகளைவிடக் கேட்ட கேள்விகளே அதிகம். நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி, ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் “இது என்ன செய்யும்” என்று அரை வரி எழுதினார். “முடிந்ததா?” என்று அவர் கேட்கவில்லை. “என்ன வந்தது?” என்றே கேட்டார். இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது. முதல் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். இரண்டாவதற்குத் திரையைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இந்த அறைகளில் எழுதப்படாத சில நடைமுறைகள் உண்டு. “ஒரு சந்தேகம் கேட்கலாமா?” என்று அனுமதி கேட்கக் கூடாது, நேராகக் கேட்டுவிட வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இது கஷ்டம். பெரியவர்களிடம் பேச்சைத் தொடங்க அனுமதி கேட்பதுதான் மரியாதை என்று வளர்த்திருக்கிறோம். அந்த அறையிலோ, அனுமதி கேட்கிறவருக்கு “கேளுங்கள்” என்று ஒருவர் பதில் எழுதும் நேரம்கூட வீண் என்று நினைக்கிறார்கள். யாரும் யாரையும் மதிக்காமல் இல்லை. மரியாதையின் இலக்கணம் வேறு.

இன்னொன்றுக்கு அவர்கள் ‘எக்ஸ் ஒய் பிரச்சினை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அக்கா மகளே அதில் விழப் பார்த்தாள். வைஃபை வராததால், இயங்குதளத்தின் மையமான கர்னலையே மாற்றினால் சரியாகும் என்று தானாக முடிவு கட்டி, “கர்னலை மாற்றுவது எப்படி?” என்று கேட்கத் தொடங்கினாள். அவளுடைய சிக்கல் வைஃபை. கர்னல் என்பது அவள் ஊகித்த மருந்து. தலைவலிக்காரர் தலைவலியைச் சொல்லாமல் குறிப்பிட்ட மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்டால் மருந்துக்கடைக்காரர் என்ன செய்வார்? “முதலில் என்ன கஷ்டம் என்று சொல்” என்று பறவைப் பெயர்க்காரர் கேட்டிருக்காவிட்டால், அந்த ராத்திரி கணினியே திறக்காத நிலைக்குப் போயிருக்கலாம்.

எல்லோரும் அவரைப் போல இல்லை. கையேட்டைப் படி என்பதை வசைச்சொல் சேர்த்துச் சுருக்கி எறிகிற பழக்கம் இந்த உலகத்தில் வெகுகாலமாக உண்டு. எரிக் ரேமண்ட் 2001-ல் வெளியிட்ட, கேள்வியைச் சாமர்த்தியமாகக் கேட்பது பற்றிய கட்டுரை இன்றும் புதியவர்கள் முகத்தில் நீட்டப்படுகிறது. அதில் உள்ள ஆலோசனைகள் நல்லவை. ஆனால் பதறிப்போய் வருகிறவரிடம் ஒரு நீண்ட கட்டுரையைக் கொடுத்துப் படித்துவிட்டு வா என்பது உதவி ஆகாது. சுடுசொல்லுக்குப் பேர்போன டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில் தன் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச காலம் ஒதுங்கி இருந்தார். கர்னல் திட்டம் நடத்தை விதிகளை ஏற்றதும் அப்போதுதான். அறைகளின் தொனி அதற்கு முன்பே மாறத் தொடங்கிவிட்டது. இன்னும் மாற வேண்டியது இருக்கிறது. பெண் என்று தெரியும் பெயரோடு நுழைந்தால் வருகிற தனிச்செய்திகளைப் பற்றிச் சொல்லாத தோழி எனக்கு இல்லை. அக்கா மகளுக்கு நான் சொன்ன முதல் யோசனையே, பெயரில் ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டாம் என்பதுதான். அதைச் சொல்ல நேர்ந்ததில் எனக்கு வருத்தம் உண்டு.

யாரோ சொன்ன கட்டளையை நம்பலாமா?

லினக்ஸில் ‘சூடோ’ என்று தொடங்கும் கட்டளை, வீட்டுச் சாவிக்கொத்தை முழுதாகக் கொடுப்பதற்குச் சமம். அதன் பின்னால் கோப்புகளை அழிக்கும் ‘ஆர்எம்’ கட்டளையைச் சேர்த்து, “இதை அடித்தால் வேகம் கூடும்” என்று புதியவர்களிடம் சொல்லி விளையாடும் கொடுமை இந்தச் சமூகத்தின் பழைய கறை. அடித்தவரின் புகைப்படங்களும் பாடக்குறிப்புகளும் போனது போனதுதான். இந்த வழியில் அழிப்பவை குப்பைத்தொட்டிக்குப் போகாது. பொறுப்பான அறைகளில் இதைச் செய்கிறவரை உடனே வெளியேற்றுகிறார்கள். ஆனாலும் அந்தச் சில விநாடிகளில் யாராவது அடித்துவிட்டால்?

இங்கேதான் பொது அறையின் பெரிய பலம் தெரிகிறது. பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் ஒருவர் தவறான கட்டளையைச் சொன்னால், “அடிக்காதே” என்று இன்னொருவர் கத்துவார். தனிச்செய்தியில் வந்து “நான் சரி செய்து தருகிறேன்” என்கிறவரிடம் அந்தக் காவல் கிடையாது. உதவியைப் பொதுவிலேயே வாங்க வேண்டும் என்று அனுபவசாலிகள் திரும்பத் திரும்பச் சொல்வது அதற்காகத்தான்.

அறை மட்டுமல்ல, தரவிறக்கும் இடமும் ஏமாற்றலாம். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் இணையதளத்துக்குள் ஊடுருவியவர்கள், தரவிறக்க இணைப்பை மாற்றி, பின்வாசல் வைத்த பதிப்பை மக்கள் கையில் கொடுத்தார்கள். திட்டக்குழுவே அதை வெளிப்படையாக அறிவித்து எச்சரித்தது. தரவிறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார் என்று அறைகளில் நச்சரிப்பதை, அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் நச்சரிப்பாக நினைப்பதில்லை.

பெட்டிச் செய்தி: அறைக்குள் போகுமுன்

கணினியின் மாடல், லினக்ஸ் வகை, பதிப்பு எண், கடைசியாக என்ன மாற்றினீர்கள், திரையில் வந்த பிழைச் செய்தி எழுத்துப் பிசகாமல்: இவ்வளவும் முதல் செய்தியிலேயே இருக்கட்டும். திரையைப் போனில் படம் எடுத்து அனுப்புவதைவிட எழுத்தாக ஒட்டுவது நல்லது. எழுத்தைத் தேடலாம், படத்தைத் தேட முடியாது. இடைமுகம் தமிழில் இருந்தால், டெர்மினலில் கட்டளைக்கு முன்னால் மொழி அமைப்பைத் தற்காலிகமாக ஆங்கிலத்துக்கு மாற்றி ஓட்டினால் உலகம் முழுக்கத் தெரிந்த வாசகத்தில் பிழை வரும். ஒட்டும் பதிவில் உங்கள் வைஃபை பெயர், ஐபி முகவரி, கடவுச்சொல் எதுவும் இருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள். கேட்டதும் ஓடிவிடாதீர்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் நாற்பது நிமிடம் கழித்து விழிக்கலாம்.

அறை யாருக்குச் சொந்தம்?

கட்டற்ற மென்பொருள்காரர்கள் பல ஆண்டுகள் குடியிருந்த பெரிய வீடு ஃப்ரீநோட். அதை வளர்த்த ராப் லெவின் 2006 செப்டம்பரில், சைக்கிளில் போகும்போது கார் மோதிய விபத்தில் இறந்தார். அதன்பிறகு வலையமைப்பைத் தன்னார்வலர்கள் சுமந்தார்கள். 2021-ல் தகராறு வெடித்தது. தொழிலதிபர் ஆண்ட்ரூ லீ வலையமைப்பைக் கைப்பற்றுகிறார் என்று பணியாளர்கள் குற்றம்சாட்டினார்கள், அவர் மறுத்தார். மே மாதம் பணியாளர்கள் ஒட்டுமொத்தமாக விலகினார்கள். அதே மாதக் கடைசியில், தலைப்பு வரியில் லிபரா என்ற பெயரைக் குறிப்பிட்டிருந்த நூற்றுக்கணக்கான அறைகள் உரியவர்களின் கையைவிட்டுப் பறிக்கப்பட்டன. உபுண்டு, ஜென்டூ, ஆர்ச் ஆகிய லினக்ஸ் வகைகளின் அறைகளும் விக்கிமீடியாவின் அறைகளும் லிபராவுக்குக் குடிபெயர்ந்தன.

பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாதது. பழைய வழிகாட்டிகள், புத்தகங்கள், மென்பொருளோடு வரும் உதவிப் பக்கங்கள் எல்லாவற்றிலும் பழைய முகவரிதான் அச்சாகியிருந்தது. அதை நம்பிப் போனவர்கள் ஆளில்லாத அறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒன்றைப் பார்த்து நான் வியந்தேன். அறைகள் பிழைத்துக்கொண்டன. ஐஆர்சி யாருக்கும் சொந்தமில்லாத பொது நெறிமுறை என்பதால், சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவது மாதிரி சில நாட்களில் மாற முடிந்தது. ஒரே நிறுவனத்தின் செயலிக்குள் இருக்கும் குழுவால் அப்படிக் கிளம்பிவிட முடியுமா?

பதில்கள் எங்கே போய்ச் சேர்கின்றன?

இந்தக் கட்டுரையில் எனக்குப் பெரிய கவலை இதுதான். புதிய லினக்ஸ் திட்டங்கள் பலவும் டிஸ்கார்டிலும் டெலிகிராமிலும் குழு வைக்கின்றன. பிள்ளைகளுக்கு அது பழகிய இடம், நுழைவது எளிது, படம் போடலாம். எல்லாம் சரி. ஆனால் டிஸ்கார்டு அறைக்குள் ஒருவர் ஒரு மணி நேரம் செலவழித்துக் கண்டுபிடித்த தீர்வு, தேடுபொறிக்கு வராது. அடுத்த வாரம் அதே லேப்டாப்போடு இன்னொருவர் வருவார். அதே ஒரு மணி நேரம் மறுபடி செலவாகும். பதில் சொல்கிறவர்கள் களைத்துப்போவது இப்படித்தான். ஒரே கேள்வியை நூறாவது முறை கேட்கும்போது, பொறுமைசாலியும் சுள்ளென்று விழுகிறார்.

செயற்கை நுண்ணறிவு அந்தச் சுமையைக் குறைக்காதா? குறைக்கிறது. வெட்கப்படாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம், தமிழிலும் கேட்கலாம். முதல் கேள்விக்கே பயந்து லினக்ஸை விட்டுவிடுகிற எத்தனையோ பேருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்த ஒரே வாரத்துக்குள், நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டேக் ஓவர்ஃப்ளோ அதன் பதில்களை ஒட்டத் தற்காலிகத் தடை போட்டது. பார்க்கச் சரியாகத் தெரிகிற தவறான விடைகள் குவிந்ததுதான் காரணம். எங்கள் சிக்கலையும் நான் மறுநாள் சாட்ஜிபிடியிடம் கேட்டுப் பார்த்தேன். டிரைவரை நிறுவும் கட்டளைகளை ஒழுங்காகச் சொன்னது. ஆனால் நாங்கள் பால் காய்ச்சப் போன பத்து விநாடியைப் பற்றி அது கேட்கவில்லை. நானாகச் சொல்லாதவரை அதற்குத் தெரிய வழியும் இல்லை.

அதைவிட முக்கியமானது: அவளுக்குக் கிடைத்த விடை உபுண்டு அறையின் பதிவில், தேதியோடு, எவரும் படிக்கும்படி இருக்கிறது. இயந்திரத்தோடு நான் பேசியது என் கணக்குக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்டுத் தனித்தனியாகத் தெரிந்துகொண்டால், ஊர்க்கிணற்றில் நீர் எப்படி ஊறும்? அந்த இயந்திரங்கள் இவ்வளவு பேசக் கற்றதே, மனிதர்கள் பொதுவில் கேட்டுப் பொதுவில் சொன்னவற்றிலிருந்தும்தானே.

தமிழில் கேட்க இடம் உண்டா?

உண்டு. சென்னையின் இந்திய லினக்ஸ் பயனர் குழு 1990-களின் கடைசியிலிருந்தே இயங்கி, மின்மடல் குழுவிலும் ஐஐடி மெட்ராஸில் நடந்த மாதாந்திரச் சனிக்கிழமைக் கூட்டங்களிலும் ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இணையவழியில் தமிழிலேயே கூடிப் பேசுகிறது. விழுப்புரத்திலும் ஒரு குழு கிராமத்துப் பிள்ளைகளை வைத்து நடக்கிறது. 2012-ல் தொடங்கிய கணியம் இதழ், ‘எளிய தமிழில்’ என்று தலைப்பிட்ட நூல் வரிசையை யாரும் பகிரலாம் என்ற உரிமத்தில் வெளியிட்டிருக்கிறது.

இதைச் சொல்லும்போது 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் நினைவுக்கு வருகிறது. அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. லட்சக்கணக்கான வீடுகளுக்குள் லினக்ஸ் போனது. ஆனால் அதைத் திறந்து பார்த்துச் சிக்கிக்கொண்ட பிள்ளை யாரைக் கேட்பது என்பதை எனக்குத் தெரிந்த எந்தப் பள்ளியிலும் சொல்லித் தரவில்லை. பாஸைத் தேர்ந்தெடுக்காமலே விட்டவர்கள் பலர். இடம் அடைக்கிறது என்று அழித்தவர்களும் உண்டு. கணினி கொடுத்தோம், கேட்கும் இடத்தைக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு அரசுக் கல்லூரியிலும் வாரம் ஒரு மாலை, இரண்டு மூத்த மாணவர்கள், ஒரு பொது அரட்டை அறை. இதற்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்?

நன்றி சொல்லப் போனவள்

மறுநாள் மாலை அக்கா மகள் அதே அறைக்குப் போனாள். பறவைப் பெயர்க்காரர் இல்லை. இல்லாதவருக்குக் குறிப்பு விட்டுவைக்க லிபராவில் மெமோசெர்வ் என்றொரு வசதி உண்டு. ஆனால் அதைப் பயன்படுத்த, அனுப்புகிறவர் தன் புனைபெயரை மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும். அரை மணி நேரம் உட்கார்ந்து பதிவு செய்தாள். நன்றி என்று இரண்டு வரி எழுதினாள். அறையை மூடாமல் ஓரத்தில் வைத்துவிட்டுப் படிக்கத் தொடங்கினாள்.

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. நன்றிக்குப் பதில் எதுவும் இல்லை. “அடுத்த முறை கர்னல் அப்டேட் வந்ததும் வைஃபை நிற்கிறதா என்று பார். டிரைவர் புதிய கர்னலுக்காக மறுபடி கட்டப்பட வேண்டும். சில நேரம் தவறிவிடும். இந்தக் கட்டளையை அடித்தால் தெரியும். என்ன வந்தது என்று எழுது.”

அவள் டெர்மினலைத் திறந்தாள்.